பூட்டிய பெட்டியில் அழுகும் வார்கள்

லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கைக்கடிகாரத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டால், கடைக்காரர் முதல் வீட்டுப் பெரியவர் வரை ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். வாங்கியபோது வந்த பெட்டியிலேயே வைக்க வேண்டும்; செயின் மீது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கக் கூடாது; இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, பீரோவிலோ வங்கி லாக்கரிலோ பூட்டிவிட வேண்டும்; கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே எடுத்தால் போதும். தொட்டால் தேயும், தொடாவிட்டால் தேயாது என்ற நம்பிக்கையே இந்தப் பதிலுக்கு அடிப்படை. கடிகாரத்தின் உடலைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. அந்த உடலைக் கையோடு பிணைக்கும் வாரைப் பொறுத்தவரை முழுக்கத் தவறு. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர வெப்ப நகரங்களில் இந்த முறை வாரைக் காப்பதில்லை; ஒரு நாள்கூடக் கையில் கட்டாமலே அதைப் பாழாக்குகிறது.

இந்தத் தவறு நிலைத்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பாதுகாப்பு என்றதும் நினைவுக்கு வருவது திருட்டு. திருட்டிலிருந்து காக்கப் பூட்டு வேண்டும், அதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் பூட்டு வெளியே இருப்பவரைத் தடுக்குமே தவிர, உள்ளே இருப்பதை எதுவும் செய்யாது. வாரைக் கெடுக்கும் ஈரம், வியர்வை உப்பு, இழுவிசை, பக்கத்துப் பொருளின் உரசல் ஆகிய நான்கும் பெட்டியை மூடும்போதே கூடவே உள்ளே போய்விடுகின்றன. மூடி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உறுதியாக அவை உள்ளேயே தங்குகின்றன.

கடிகாரத்தின் உடலும் வாரும் ஒரே விலையில், ஒரே பெட்டியில் வந்தாலும் இயல்பில் வேறுவேறு பொருள்கள். உடல், ஈரத்தைத் தடுக்கவென்றே வடிவமைக்கப்பட்டது. பின்மூடிக்கும் திருகுக்கும் கண்ணாடிக்கும் ரப்பர் வளையங்கள் உண்டு; கண்ணாடி, செயற்கை நீலக்கல். நல்ல நிலையில் உள்ள ஒரு நவீனக் கடிகாரத்தின் உடல் பல மாதங்கள் ஈரக்காற்றில் கிடந்தாலும் உள்ளே எதுவும் நேராது. வாருக்கு அந்தக் கவசம் எதுவும் கிடையாது. அது தோலாகவோ ரப்பராகவோ இருந்தால் கரிமப் பொருள். அணியும் நேரமெல்லாம் வியர்வையையும் சருமத்தின் எண்ணெயையும் குடிப்பது. இந்த இரண்டுக்கும் ஒரே பராமரிப்பு போதும் என்று கருதுவதில்தான் பிழை தொடங்குகிறது.

தோல் வாரை முதலில் பார்க்க வேண்டும்; சேதம் அதிகம் நேர்வது அங்கேதான். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பச்சைத் தோல் அழுகும். அது அழுகாமல் இருக்கவே பதனிடுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்கள் இந்தத் தொழிலில்தான் வளர்ந்தன. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தென்னிந்தியத் தோல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. இன்று பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. எந்த முறையில் பதனிட்டாலும் ஒன்று மாறுவதில்லை: தோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறினால் தோலின் நீர்ச்சத்து ஏறும், இறங்கினால் இறங்கும். அருங்காட்சியகங்கள் தோல் பொருள்களை ஏறக்குறைய 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கப் பார்ப்பது இதனால்தான். 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் முளைக்க வாய்ப்பு வந்துவிடுகிறது. மிகவும் குறைந்தால் இழைகள் இறுகி, மேற்பரப்பு வெடிக்கிறது.

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 65 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாள்கள் சாதாரணம். அந்தக் காற்றில் கிடந்த தோல் வாரும், அதே காற்றைக் குடித்த பஞ்சு மெத்தையும், துணி விரித்த பெட்டியும் சேர்ந்து ஒன்றாக மூடப்படுகின்றன. காற்றுப் புகாத மூடி என்பது வெளி ஈரத்தைத் தடுப்பதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே புகுந்துவிட்ட ஈரத்துக்கும் எளிதில் வெளியேற வழியில்லை என்பதை எண்ணுவதில்லை. திறந்த அலமாரியில் இருந்திருந்தால், வெயிலடித்த ஒரு வாரத்தில் தோல் தானாகவே உலர்ந்திருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த வாய்ப்பு அதற்குக் கிடைப்பதில்லை. இருட்டு, அசையாத காற்று, ஈரம், தோலில் தங்கிய வியர்வைக் கழிவு: பூஞ்சணம் வளரத் தேவையான யாவும் அங்கே கூடிவிடுகின்றன.

உப்பின் பங்கு இன்னும் மோசம். வியர்வையில் கரைந்திருப்பது பெரும்பாலும் சாதாரணச் சமையல் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டும்போது அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்புப் புட்டி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். வாருக்குள் நடப்பதும் அதே வினைதான். கோடையில் ஒரு மாலை கட்டிவிட்டு, வெறுமனே துடைத்து உள்ளே வைத்த வாரில் உப்பு படிகமாகத் தங்குகிறது. அடைமழை வந்ததும் அது கரைந்து தோலின் இழைகளுக்குள் இறங்குகிறது. வெயில் வந்ததும் மறுபடி படிகமாகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் இழையைச் சிறிது தளர்த்துகிறது. வார் என்பது பெரும்பாலும் மேல்தோல், உள்தோல், நடுவே ஒரு நிரப்பி என மூன்று அடுக்குகளைப் பசையால் ஒட்டித் தைத்தது. ஈரம் ஏறி இறங்கும்போது ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகிறது. பசை விட்டு ஓரம் பிளப்பது இப்படித்தான். அணியாத வார் ஓரம் பிளந்து வெளியே வரும்போது பலர் தயாரிப்பைக் குறை சொல்கிறார்கள். குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இருக்கிறது.

இந்தச் சேதம் வாரோடு நிற்பதுமில்லை. உப்பும் ஈரமும் ஊறிய தோல், கடிகாரத்தின் பின்மூடியையும் வார் மாட்டும் கால்களின் உட்புறத்தையும் ஒட்டியே கிடக்கிறது. பழைய எஃகுக் கடிகாரங்களைப் பழுது பார்ப்பவர்கள் பின்மூடியின் ஓரத்திலும் கால்களின் உள்ளேயும் ஊசி குத்தியதுபோன்ற அரிப்புக் குழிகளைக் காண்பது வழக்கம். உடலைக் காப்பாற்றுவதற்காக வாரோடு சேர்த்துப் பூட்டியவர்கள், அந்த வாராலேயே உடலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சிலிக்கா ஜெல் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இந்தச் சின்னப் பொட்டலத்தின் மீது வைத்திருக்கும் நம்பிக்கை, அதன் வேலையைத் தெரிந்துகொள்ளாததால் வந்தது. சிலிக்கா ஜெல் அதிகபட்சமாகத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு நீரை வாங்கும். 5 கிராம் பொட்டலம் ஏறத்தாழ ஒன்றரை கிராம் நீரோடு நிறைந்துவிடும். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு கனமீட்டர் காற்றில் 22 கிராமுக்கு மேல் நீர் இருக்கிறது. கடிகாரப் பெட்டியின் மூடி உண்மையில் காற்றுப் புகாதது அல்ல, மெல்லக் கசியும். அந்தக் கசிவில் பொட்டலம் சில வாரங்களில் நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு அது உலர்த்தியாக இருப்பதில்லை. பெட்டிக்குள் கிடக்கும் இன்னோர் ஈரப் பொருள், அவ்வளவுதான். லாக்கரில் மூன்று ஆண்டாகக் கிடக்கும் பொட்டலம் முதல் மாதத்திலேயே வேலையை முடித்துவிட்டது.

சரி, மூடி உண்மையிலேயே கசியாத பிளாஸ்டிக் டப்பா, அதில் கைநிறையப் பொட்டலங்கள் என்றால்? அப்போது எதிர்த்திசையில் சேதம் வருகிறது. புது சிலிக்கா ஜெல் நிறைய இருக்கும் கசியாத டப்பாவில் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். தோல் தனக்கு இயல்பான நீரையே இழந்து விறைக்கிறது. அந்த விறைத்த வாரை எடுத்து வளைத்துப் பக்கிளில் மாட்டும் முதல் தடவையிலேயே துளைகளின் ஓரம் வெடிக்கிறது. குறைவாகப் போட்டால் பயனில்லை. நிறையப் போட்டால் கேடு. அளவோடு போட்டு, ஈரப்பதமானியைப் பார்த்து, நிறம் மாறியதும் 100 முதல் 120 டிகிரி சூட்டில் உலர்த்தி மீண்டும் போடுபவருக்கு மட்டுமே சிலிக்கா ஜெல் உதவும். ‘போட்டுவிட்டு மறந்துவிடலாம்’ என்பது பொதுக்கருத்தின் வசதி. அந்தப் பொருளின் இயல்பு அது அல்ல.

வாங்கியபோது வந்த பெட்டிக்கு வருவோம். அந்தப் பெட்டி கடிகாரத்தை விற்பதற்காகச் செய்தது. ஆண்டுக்கணக்கில் காப்பதற்காகச் செய்தது அல்ல. விற்பனை மேசையில் திறக்கும்போது கண்ணைக் கவர வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். பளபளப்பான மரம், பசை, சாயமேற்றிய துணி, செயற்கைத் தோல், நுரைமெத்தை எல்லாம் அதில் உண்டு. மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் அமில ஆவி மெல்ல வெளியேறும் என்பதும், சில துணிகளின் கந்தகம் உலோகத்தைக் கறுக்கவைக்கும் என்பதும் அருங்காட்சியகத் துறையில் பழைய செய்தி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி, காட்சிப் பெட்டி செய்யும் பொருள்களைச் சோதிக்க ஒரு முறையை 1973இல் வெளியிட்டார். வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளை அந்தப் பொருளோடு ஒரு குப்பியில் அடைத்து, ஈரமும் 60 டிகிரி சூடும் கொடுத்து, உலோகம் கெடுகிறதா என்று பார்ப்பதே ஆடி சோதனை. ஒரு பொருள் பார்க்க அழகாக இருப்பதும், பக்கத்திலிருப்பதைக் கெடுக்காமல் இருப்பதும் வேறு என்பதை அந்தத் துறை இப்படிப் பாடுபட்டுக் கற்றது. கடிகாரம் வாங்குபவர்களுக்கு அதைச் சொல்பவர்கள் இல்லை.

ஈர நாடுகளில் அந்தப் பெட்டிகளின் கதி எவருக்கும் தெரியக்கூடியது. உள்ளே விரித்த பாலியூரித்தேன் செயற்கைத் தோல், ஈரத்தோடு வினைபுரிந்து பிசுபிசுத்து, தூளாக உதிர்கிறது. அந்தப் பிசுக்கு வாரிலும் செயின் இடுக்கிலும் ஒட்டினால் எடுப்பது எளிதல்ல. அதனுள் இருக்கும் மெத்தையும் தனிச் சிக்கல். அது ஒரு பொதுவான மணிக்கட்டு அளவுக்குச் செய்தது. பதினைந்து, பதினாறு சென்டிமீட்டர் மணிக்கட்டுக்காக வெட்டிக் குறைத்த செயினை அதில் மாட்டினால் கொக்கியும் இணைப்புகளும் நாள் முழுக்க இழுவிசையில் இருக்கும். தோல் வார் என்றால் பக்கிள் ஊசி நின்ற துளை நீள்வட்டமாக இழுபடும். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மறுவிற்பனைக்கு அதற்கு மதிப்பு உண்டு. அதைத் தனியாக, காலியாக வைத்திருக்க வேண்டும்.

லாக்கர் பற்றிய வாதமே எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். திருட்டைத் தடுப்பதில் வங்கி லாக்கர் வீட்டு பீரோவைவிட மேல் என்பது உண்மை. ஆனால் அங்கே வைப்பவர், ஒப்பந்தம் எதைக் காக்கிறது என்று படிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை. நிலநடுக்கம், வெள்ளம், மின்னல் போன்ற இயற்கைச் சீற்றத்தில், வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, பொறுப்பில்லை. பூஞ்சணமும் துருவும் அந்தப் பட்டியலில் இல்லை. காற்றோட்டம் இல்லாத கெட்டிச் சுவர் அறையில் ஓர் எஃகுப் பெட்டிக்குள், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கப்படும் தோல் வாருக்கு நேரும் சேதத்துக்கு யாரும் ஈடு தரப்போவதில்லை.

வீட்டில் வைக்கும் தீத்தடுப்புப் பெட்டகம் இன்னும் ஆபத்தானது. அதன் சுவரில் நிரப்பியிருப்பது பெரும்பாலும் ஜிப்சமோ அதுபோல நீரைப் பிணைத்து வைத்திருக்கும் கலவையோதான். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர். தீயில் அந்த நீர் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருக்கும் காகிதம் கருகாமல் தப்புகிறது. ஆனால் சாதாரண நாளிலும் அந்தச் சுவரிலிருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. இறுக்கமான கதவு அதை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. பெட்டகத்தை அவ்வப்போது திறந்து காற்றாட விட வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதுகிறார்கள். தீக்காகச் செய்த பெட்டகத்தைத் தோலுக்கும் உகந்தது என்று எண்ணி வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

குளிரூட்டி இருக்கும் அறையில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அரைகுறை உண்மை. 30 டிகிரியில், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் மூடிய காற்றுக்கு, ஈரம் துளியாகத் தொடங்கும் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி. இரவு குளிரூட்டியை 24 டிகிரியில் வைத்தால், ஈரத்தை உறிஞ்சும் பொருள் எதுவும் இல்லாத உலோகப் பெட்டியின் உட்புறத்திலும் எஃகுச் செயினிலும் நுண்துளி படியத் தொடங்கும். தோலும் துணியும் இருக்கும் பெட்டியில் அவை அந்த நீரை வாங்கிக்கொள்ளும். காலையில் குளிரூட்டியை அணைத்ததும் மீண்டும் வெளிவிடும். நாள்தோறும் இப்படி ஏறி இறங்குவதைவிட, குளிரூட்டியே இல்லாத ஓர் அறையின் நடுச்சுவர் அலமாரி வாருக்கு நல்லது.

ரப்பர் வாருக்கு எதுவும் ஆகாது என்ற கருத்து இப்போது பரவலாகி வருகிறது. 1980இல் ஹூப்லோ நிறுவனம் தங்கக் கடிகாரத்தில் ரப்பர் வாரைப் பூட்டியபோது அது துணிச்சலாகத் தோன்றியது. இன்று விலையுயர்ந்த கடிகாரங்கள் பலவற்றில் ரப்பர்தான். ஆனால் ரப்பர் என்ற ஒரே பெயருக்குள் பல வேறுபட்ட பொருள்கள் இருக்கின்றன. இயற்கை ரப்பர், இழுத்த நிலையில் இருந்தால் காற்றிலுள்ள ஓசோன் தாக்கி, இழுவிசைக்குக் குறுக்கே நுண்விரிசல் விடும். மெத்தையில் இறுக்கி மாட்டி ஆண்டுக்கணக்கில் வைத்த ரப்பர் வார், வளைவின் வெளிப்புறத்தில் வெடிப்பது இதனால்தான். தளர்வாகக் கிடந்திருந்தால் நீண்ட நாள் தாங்கியிருக்கும். ஃப்ளூரோ ரப்பரும் சிலிக்கோனும் ஓசோனைத் தாங்கும். பாலியூரித்தேன் ஈரத்தைத் தாங்காது. அதன் மூலக்கூறுச் சங்கிலியை நீரே அறுக்கிறது. 1983இல் வந்த கேசியோ ஜி-ஷாக் வரிசையின் பழைய கடிகாரங்களில் உறையும் வாரும் பிசுபிசுத்து உதிர்வதைச் சேகரிப்பாளர்கள் அறிவார்கள். கட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்தவையும் உதிர்ந்தன. தேய்வு இல்லாவிட்டால் சேதமும் இல்லை என்ற கருத்துக்கு அதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை.

பீரோவில் துணிக்குப் போடும் அந்துருண்டையும் கற்பூரமும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பகை. அவற்றின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். பட்டுப் புடவைத் தட்டின் ஓரத்தில் கடிகாரத்தை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த வழக்கத்தை விட வேண்டும். கறுப்பு ரப்பர் வாரும் வெளிர்நிறத் தோல் வாரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தால் சாயம் ஏறிவிடும். அந்தக் கறை தோலுக்குள் போய்விட்ட பிறகு எந்தத் திரவத்தாலும் நீங்காது.

உலோகச் செயினைப் பற்றிய நம்பிக்கையும் இதேபோலக் கண்மூடித்தனமானது. துருப்பிடிக்காத எஃகு என்பதற்குத் துருவே பிடிக்காது என்று பொருள் கொள்கிறார்கள். அந்த எஃகைக் காப்பது மேற்பரப்பில் தானாக உருவாகும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் கிழிந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். இணைப்புகளின் இடுக்கில் வியர்வை உப்பும் அழுக்கும் அடைந்திருந்தால் அங்கே ஆக்சிஜன் போதாது. குளோரைடு மட்டும் நிறைய உண்டு. இடுக்கரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஒட்டிய பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் வைப்பது இந்த இடுக்கைக் கையாலேயே உண்டாக்குவதற்குச் சமம். தாளின் ஓரத்தில் ஈரமும் உப்பும் புகுந்து தங்கும். பசை காய்ந்து கறையாகும். புதுசுபோல் இருக்கட்டும் என்று விட்டுவைத்த தாளே கொக்கியில் நிரந்தரத் தழும்பை விட்டுச்செல்கிறது. கடிகாரம் வாங்கிய அன்றே அந்தத் தாளைப் பிரிப்பதுதான் சரி.

செயின் தொங்கிப்போவதை ‘இழுபட்டுவிட்டது’ என்கிறார்கள். எஃகு இழுபடுவதில்லை. இணைப்புக்குள் புகுந்த தூசியும் உப்பும் சாணைத்தூள் போல ஊசியையும் துளையையும் தேய்க்கின்றன. அழுக்கோடு உள்ளே வைத்த செயின் அடுத்த முறை கட்டும்போது அந்தத் தேய்வைத் தொடர்கிறது. தங்கச் செயினுக்கு ஆபத்து உரசலில். 18 காரட் தங்கம் மென்மையானது. பக்கத்துக் கடிகாரத்தின் நீலக்கல் கண்ணாடியோ, வைரம் பதித்த மோதிரமோ, செராமிக் விளிம்போ தொட்டாலே கோடு விழும். நகைப்பெட்டியில் கடிகாரத்தையும் நகைகளையும் சேர்த்துப் போடுவது செயினைத் திட்டமிட்டுக் கீறுவதே.

தானாகச் சுற்றிக் கொடுக்கும் இயந்திரமான வைண்டரை இப்போது சேமிப்புக் கருவியாகவே விற்கிறார்கள். ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் உறைந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் கடற்பன்றியின் தாடை எண்ணெயிலிருந்தும் கடிகார எண்ணெய் எடுத்த காலத்தில் அது உண்மை. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அப்படிப் பசையாவதில்லை. ஓடும் கடிகாரம் தேயும். நிற்கும் கடிகாரம் தேயாது. நிரந்தர நாள்காட்டி உள்ள கடிகாரம் நின்றுவிட்டால் மறுபடி சரிசெய்வது சிரமம் என்பதால் அதற்கு மட்டும் வைண்டர் பொருந்தும். மற்றவற்றுக்கு அது வாரை இறுக்கமான மெத்தையில் மாட்டி நாள் முழுக்கக் குலுக்கும் கருவி.

எண்ணெய் தடவினால் தோல் நீண்ட நாள் உழைக்கும் என்ற அறிவுரையும் தள்ளத்தக்கது. தேங்காய் எண்ணெய் முதல் கடையில் விற்கும் தோல் கிரீம் வரை, உள்ளே வைக்கும் முன் தாராளமாகத் தடவுகிறார்கள். கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து தோலைக் கறுக்கவைக்கிறது. சில சமயம் மேற்பரப்பில் வெண்பூச்சாக வெளிவருகிறது. ஈரக்காற்றில் பூஞ்சணத்துக்கு உணவாகிறது. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய தோலுக்கு எண்ணெய் தடவும் வழக்கத்தை இந்தக் காரணங்களுக்காகவே கைவிட்டன. அன்றாடம் கட்டும் வாருக்கு எப்போதாவது மிகச் சிறிதளவு கிரீம் பூசுவதில் தவறில்லை. மூடி வைக்கப்போகும் வாருக்கு எதுவும் பூசக் கூடாது.

ஆகவே சரியான முறை பொதுக்கருத்தின் முதல் அடியையே மாற்றுகிறது: நீண்ட நாள் அணியாத கடிகாரத்தின் உடலையும் வாரையும் பிரிக்க வேண்டும். உடல், சுத்தம் செய்து உலர்த்திய பின், லாக்கரிலோ பெட்டகத்திலோ இருக்கலாம். திருடனுக்கு வேண்டியதும் அதுவே. தோல் வாரும் ரப்பர் வாரும் காற்றோட்டமுள்ள இடத்தில் தனியாக இருக்க வேண்டும். இன்று பல வார்களில் நகத்தால் இழுத்தே கழற்றும் ஊசிகள் வருகின்றன. பழைய வகை என்றால், கால்களில் கீறல் விழாமல் கழற்ற அனுபவமுள்ள ஒரு கடிகார மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். சில நிமிட வேலை. அப்படியே ஸ்பிரிங் ஊசிகளையும் மாற்றிவிட வேண்டும். ஊசி உள்ளிருந்து துருப்பிடித்து ஒரு நாள் ஒடிந்தால், பல லட்சம் பெறுமான கடிகாரம் தரையில் விழும்.

உள்ளே வைப்பதற்கு முன் உலர்த்துவது முக்கியம். கட்டி அவிழ்த்த வாரை அன்றே மூடக் கூடாது. ஒரு நாள் முழுக்க நிழலில், மின்விசிறிக் காற்றில் கிடக்க வேண்டும். தோல் வாரின் உட்புறத்தை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பின் பெரும்பகுதி போய்விடும். வெயிலில் காய வைக்கக் கூடாது; சாயம் வெளுத்து, தோல் விறைக்கும். உலோகச் செயினை உடலிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலும் மெல்லிய தூரிகையும் கொண்டு இடுக்குகளைத் தேய்த்து, நல்ல நீரில் அலசி, முழுக்க உலர்ந்த பிறகே வைக்க வேண்டும்.

வாரை வைக்கும் விதம் எளிது. அணிந்து பழகிய தோல் வார் தனக்கென்று ஒரு வளைவைப் பெற்றிருக்கும். அந்த வளைவிலேயே, பக்கிளைப் பூட்டாமல், இழுவிசை இல்லாமல் விட வேண்டும். நிமிர்த்தித் தட்டையாக்கினாலும், மெத்தையில் இறுக்கினாலும் மேற்பரப்பு வெடிக்கும். சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் தளரச் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மூடி இறுகாத அட்டைப் பெட்டியில் வைக்கலாம். அலமாரியில் நடுத்தட்டு நல்லது. மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய இடமும், குளியலறைச் சுவரை ஒட்டிய இடமும் கூடாது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. அதை அலமாரிக்குள் வைத்து ஒரு மாதம் கவனித்தால் எந்தத் தட்டு வாருக்கு ஏற்றது என்று தெரிந்துவிடும்.

இதைவிடச் சிறந்த வழியைப் புகைப்படக்காரர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். லென்சில் பூஞ்சணம் படியாமல் இருக்க அவர்கள் வாங்கும் ஈரக்கட்டுப்பாட்டு அலமாரி சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. லென்சுக்கு அதை 40 விழுக்காட்டை ஒட்டி வைப்பார்கள்; தோலுக்கு 50 விழுக்காட்டை ஒட்டி வைத்தால் போதும். ஈரத்தை வாங்கவும் விடவும் வல்ல இருவழி ஈரப்பதப் பைகளும் கிடைக்கின்றன. இசைக்கருவிக்காக 49 விழுக்காட்டுக்கு அமைத்த பை சிறிய பெட்டிக்குப் பொருந்தும். சிலிக்கா ஜெல்லைப்போல ஒரே திசையில் வற்றடிக்காமல், இரு திசையிலும் சமன்செய்வது இவற்றின் சிறப்பு.

பிரித்து வைத்தால் மறுவிற்பனை மதிப்பு போய்விடும் என்பது கடைசி எதிர்வாதம். நிலைமை நேர்மாறானது. வாங்குபவர் கேட்பது அசல் வார், அதுவும் நல்ல நிலையில். அது கடிகாரத்தில் பூட்டியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பலர் அசல் வாரை முதல் நாளே கழற்றி வைத்துவிட்டு, அன்றாடத்துக்கு வேறு வார் பூட்டிக்கொள்கிறார்கள். முதலை இனத் தோல் வார் என்றால் இந்தக் கவனம் இன்னும் தேவை. அந்த இனங்கள் அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின்கீழ் வருவதால், அத்தகைய வாரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவர அனுமதித் தாள்கள் தேவைப்படலாம். பூஞ்சணம் தின்ற அசல் வாருக்கு மாற்று தேடுவது பணத்தால் மட்டும் முடிகிற காரியம் அல்ல.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நாளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்களை எடுத்துப் பார்த்தால் போதும். தடவிப் பார்த்து, முகர்ந்து பார்க்க வேண்டும். புழுக்க வாடை, வெண்புள்ளி, பிசுக்கு ஆகிய மூன்றும் பெரும் சேதத்துக்கு முன்பே வரும் அறிகுறிகள். வெண்புள்ளி தெரிந்தால் அந்த வாரை மற்றவற்றிலிருந்து உடனே விலக்கி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விட வேண்டும். லாக்கரில் வாரோடு சேர்த்துப் பூட்டிய கடிகாரம் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை வங்கிக்குப் போய், வாரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். கடிகாரத்தின் உடல் அங்கேயே இருக்கலாம்.